பதினோராம் இருக்கையின் மவுஸ்

எங்கள் கணினி சர்வீஸ் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் இரண்டு மாதமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்தார். "சார், நாப்பது வருச அனுபவம். புதுசா வாரவங்களுக்கு நாலு நல்ல விசயம் சொல்லி, சந்தோசமா முடிச்சிருங்க" என்றார். தலையாட்டியிருந்தேன். போன மாதக் கூட்டத்துக்குப் பிறகு சந்தோஷமாக எழுத எனக்கு மனமில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் தன் கடைக்குப் பழுதுக்கு வந்த மவுஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுக்கியதாகக் கணினி எடுத்துக்கொள்கிறதாம். "அப்ப அது ரோஸ்லின் மவுஸ், வே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கமே சிரித்தது. ரோஸ்லின் யார் என்று ஒரு புது உறுப்பினர் கேட்க, பக்கத்திலிருந்தவர் விளக்கினார்: "கேம் போட்டில கள்ளத்தனம் பண்ணி மாட்டுன பிள்ள. நம்ம சார்தான் கண்டுபிடிச்சாரு."

அப்போது நான் மேடையில் இருந்தேன். சற்று முன்புதான் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண் எந்தக் கள்ளத்தனமும் செய்யவில்லை. செய்தவன் நான். அதை அங்கேயே ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு வரியை வெட்டுவதானாலும் கட்டுரையே வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னணுவியலில் பட்டம், சென்னையில் ஒரு வருடம் தொலைக்காட்சிப் பெட்டி வேலை, பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கருவிப் பிரிவு. அங்கே என் மேலதிகாரி தேவசகாயம் சார். சாயர்புரத்துக்காரர். குரலை உயர்த்தமாட்டார். யாரையும் திட்டியதில்லை. ஆனால் யாராவது வந்து "சரி பண்ணியாச்சு சார்" என்று சொன்னால், மேசையிலிருக்கும் பென்சிலை எடுத்து அவர் பக்கமாக உருட்டிவிடுவார்.

"எத்தன தடவ பாத்தீரு?"

"மூணு தடவ சார்."

"நூறு தடவ பாத்துட்டு வந்து எழுதும்."

அவருடைய பதிவேட்டில் 'சரி' என்ற சொல் மட்டும் தனியாக இருக்கக்கூடாது. எதை, எந்த வேளையில், எத்தனை தடவை சோதித்தோம், எத்தனை தடவை பிசகியது, யார் கையால் சோதித்தது என்று இருக்க வேண்டும். தான் பார்க்காததற்கு எவனாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அவனையே எல்லார் முன்பும் வாசிக்கச் சொல்வார். அவ்வளவுதான் தண்டனை. அதை வாங்கியவன் இரண்டாம் தடவை வாங்கமாட்டான். நான் அவரிடம் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் அதிகாலை, கிரேனில் தொங்கிய சரக்கு திடீரென்று இரண்டு குதி குதித்தது. கீழே நின்ற தொழிலாளி ஒருவர் மயிரிழையில் தப்பினார். கிரேன் ஓட்டியவர் ராயப்பன், எங்களைவிட மூத்தவர். மேலாளர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "காலையிலயே ஊத்திட்டு வந்துட்டீரா?"

"மாதா மேல சத்தியமா சொல்லுதேன் சார். பட்டன ஒரு தடவதான் அமுக்குனேன்."

"ஒரு தடவ அமுக்குனா ரெண்டு தடவ எப்படி வே எறங்கும்? கிரேனுக்குப் பேயா புடிச்சிருக்கு?"

ராயப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தேவசகாயம் சார் ஸ்கோப்பைத் தூக்கச் சொன்னார். மின்சாரம் வந்து போவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி அது. அந்தக் காலத்து ஸ்கோப் ஒரு சிறிய இரும்புப் பெட்டி கனம் இருக்கும். நானும் அவரும் அதைக் கிரேனின் மேல் அறைக்கு ஏற்றினோம். மூன்று நாள் அங்கேயே இருந்தோம். விடியும்போது நூறு தடவை, உச்சி வெயிலில் நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை அந்தப் பட்டனை அமுக்கினேன். அவர் திரையைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

பட்டனை அமுக்கும்போது உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் மோதிக்கொள்கின்றன. தரையில் விழுந்த பந்து துள்ளுவதைப் போல அவையும் மிகச் சிறிதாகத் துள்ளும்; ஒரு முறை தொட்டு, விட்டு, மறுபடி தொடும். புதுப் பட்டனில் அந்தத் துள்ளல் பொருட்படுத்த முடியாத அளவு சிறிது. கெட்டுப்போன பட்டனில் அது நீளும். அப்போது எந்திரம் அதை இரண்டாவது அமுக்கு என்று நம்பிவிடும். ராயப்பனின் பட்டன் வெயிலில் ஒழுங்காக இருந்தது. விடியற்காலை ஈரத்தில் மட்டும் நூற்றுக்கு இருபதுக்கு மேல் துள்ளியது. கழற்றிப் பார்த்தோம். கறுத்துப்போன தொடுமுனையை யாரோ ஒரு எலக்ட்ரீசியன் உப்புத்தாளால் தேய்த்திருந்தார். தேய்த்ததில் மேலே இருந்த வெள்ளிப் பூச்சு போய், உள்ளே இருந்த செம்பு வெளியே வந்து, கடற்காற்றின் உப்பு அதைத் தின்றிருந்தது.

தேவசகாயம் சார் கணக்குத் தாளை மேலாளர் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி போட்டது பட்டன் சார். ராயப்பன் இல்ல."

ராயப்பன் மறுநாள் வேலைக்கு வந்தார்.

இதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். என் கையால் நாளுக்கு முந்நூறாக மூன்று நாள், தொள்ளாயிரம் தடவை அமுக்கியவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நிறுவனத்தை விட்டு வந்து கணினி சர்வீஸ் கடை வைத்தேன். நன்றாகத்தான் நடந்தது. இந்த ஊரில் கணினிக்கு முதல் எதிரி வைரஸ் அல்ல, காற்று. உப்பளமும் கடலும் சேர்ந்து அனுப்பும் காற்று எந்த உலோகத்தையும் விடாது. மற்ற ஊரில் ஐந்து வருடம் உழைக்கும் பொருள் இங்கே இரண்டு வருடத்தில் கறுத்துவிடும். அதற்கு நாம் எல்லாரும் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. சுரண்டு. கறுத்ததா, சுரண்டு. விட்டு விட்டு வருகிறதா, சுரண்டு. இதை வாசிக்கும் உங்கள் மேசை இழுப்பறையிலும் விரல் அகலத்தில் வெட்டிய உப்புத்தாள் துண்டு கிடக்கிறது. எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் கண்முன்னே பொருள் வேலை செய்யும், கும்பிட்டுவிட்டுப் போவார். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து அது முன்பைவிட மோசமாகும். அதற்குள் பழியைப் போட வேறு ஏதாவது கிடைத்துவிடும்.

மவுஸ் செய்யும் நிறுவனங்களின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சாதாரண அலுவலக மவுஸ், ஒரு அமுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் காத்திருந்து, துள்ளலை விழுங்கிவிட்டுத்தான் கணினிக்குச் செய்தி அனுப்பும். விளையாட்டுக்கென்று விற்கும் மவுஸில் வேகம் வேகம் என்று விளம்பரம் செய்வதற்காக அந்தக் காத்திருப்பை வெட்டிக் குறைத்துவிடுகிறார்கள். அதில் துள்ளல் அப்படியே உள்ளே போகும். பெட்டியின் மேல் நெருப்பும் டிராகனும் அச்சடிக்க இடம் இருக்கிறது. இந்த ஒரு வரியை அச்சடிக்க இடம் இல்லை.

பொன்ராஜ் அண்ணாச்சி பெயிண்டுக் கடைக்காரர். ஐந்து வருடங்களுக்கு முன்பு கடையின் மாடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, இருபது கணினிகளோடு ஒரு கேம் சென்டர் திறந்தார். பராமரிப்பு என் பொறுப்பு. இரவில் ஏசியை அணைத்துவிடுவார்கள். காலையில் திறக்கும்போது கண்ணாடியெல்லாம் ஈரம் பூத்திருக்கும். நாலு மாதத்தில் மவுஸ்கள் ஒவ்வொன்றாகத் தகராறு செய்ய ஆரம்பித்தன.

அந்த நேரத்தில் அங்கே ஒரு போட்டி வந்தது. சென்னையிலிருந்து ஒரு விளையாட்டு அணி ஆள் எடுக்க வந்தது. இணையத்தில் சுட்டு விளையாடும் ஆட்டம். முதலில் வருகிறவருக்கு அணியில் இடம், மாதச் சம்பளம், தங்க இடம், சென்னையிலேயே கல்லூரிப் படிப்பைத் தொடர ஏற்பாடு. ஒரு நிபந்தனை: யாரும் சொந்த மவுஸ் கொண்டுவரக்கூடாது. தானாக அமுக்கும் மென்பொருளைச் சிலர் அதற்குள் ஒளித்துவைப்பார்களாம். சென்டரின் மவுஸைத்தான் தொட வேண்டும், அது சரியாக இருக்கிறது என்று பராமரிப்பவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மவுஸின் உள்ளே இருக்கும் சிறு ஸ்விட்ச்சைப் புதிதாக மாற்றியிருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வர ஒரு வாரமாகும். போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. "அண்ணாச்சி, தேதியத் தள்ளிவைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"என்ன சார் நீங்க, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. நீங்க கை வச்சா ஓடாதது உண்டா? பாத்து ஓட்டிவிடுங்க."

அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. இருபது மவுஸையும் திறந்து, ஸ்விட்ச்சின் மூடியைப் பிளேடால் நெம்பி, தொடுமுனையை உப்புத்தாளால் தேய்த்து மூடினேன். முதல் மூன்றை மட்டும் நூறு தடவை அமுக்கிச் சோதித்தேன். ஒழுங்காக இருந்தன. முதுகு வலித்தது. மீதிப் பதினேழுக்கும் 'நூறு தடவை சோதித்தது, பிசகு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆட்டப் பயிற்சியின்போது ஒரு பெண் வந்து என் எதிரே நின்றாள். ரோஸ்லின். கல்லூரியில் இரண்டாம் வருடம். சங்கு குளிக்கும் அந்தோணியின் மகள். குலுக்கலில் அவளுக்குப் பதினோராம் இருக்கை விழுந்திருந்தது.

"சார், பதினொண்ணுல ஆட்டத்துல வார கதவத் தொறந்தா தொறந்து ஒடனே மூடிக்கிடுது. ஒரு குண்டு சுட்டா ரெண்டு போவுது."

"நெட் லைன் இழுக்குதும்மா. நாளைக்குச் சரியாயிரும்."

"நெட் இழுத்தா லேட்டால்லா சார் போவும்? ரெண்டாவா போவும்?"

அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. "நீ வெளாடுத வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்கேன்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிறுத்துப்போனது.

போட்டி நாள் காலையில் மாடி முழுக்கக் கூட்டம். நம் சங்கத்துக்காரர்களும் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். ரோஸ்லின் முன்னணியில் இருந்தாள். அவள் விளையாடுவதைப் பார்க்கவே அந்தோணி வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இத்தனை வருடம் கடலடியில் போய் வந்ததில் அவருக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காததால் உலகத்துக்கே கேட்காது என்பதுபோல உரக்கப் பேசுவார். "அது எம் பிள்ள, பதினோராவது" என்று யாரிடமோ சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

கடைசிச் சுற்றில் திடீரென்று பெரிய திரை நின்றது. முறைகேடு கண்டறியப்பட்டது, பதினோராம் இருக்கை ஆட்டக்காரர் நீக்கப்பட்டார் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நடுவர், சென்னையிலிருந்து வந்த இளைஞர், ஆட்டத்தின் பதிவைத் திறந்து காட்டினார். ஒரு அமுக்கிற்கும் அடுத்ததற்கும் பதினான்கு மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கு வைத்தால் அதில் பதினான்கு பங்கு. இப்படிப் பல தடவை. "மனுசக் கையால இந்த வேகத்துல அமுக்க முடியாது. சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க" என்றார்.

மனிதக் கையால் முடியாது என்பது சரி. அந்த எண்ணைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது துள்ளல். நான் தேய்த்த ஸ்விட்ச்சின் துள்ளல்.

"ஏளா, கள்ள ஆட்டமா ஆடுத?" என்று ஒருவன் கத்தினான். ஊளையிட்டார்கள். யாரோ மேசையைத் தட்டினார்கள். "நான் ஒரு தடவதான் சார் அமுக்குனேன்" என்று ரோஸ்லின் நடுவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தோணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஐயா, நீங்க பெரிய மனுசன். மெசின்ல கோளாறு இருக்குமா? நீங்க சொல்லுங்க."

அவர் உரக்கக் கேட்டதால் கூட்டம் அமைதியாகிவிட்டது. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று நானும் உரக்கச் சொன்னேன்: "மெஷின் சரியாத்தான் இருக்கு."

அதோடு விட்டேனா? ரோஸ்லின் விடவில்லை. நான் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "நூறு தடவன்னு சார் எழுதியிருக்காங்கல்லா? இந்த மவுச வச்சு எல்லார் முன்னாடியும் நூறு தடவ அமுக்குங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்றார் நடுவர். எல்லாரும் கீழே பந்திக்குப் போனார்கள். நான் போகவில்லை. நான் சோதித்துவைத்த மூன்று மவுஸில் ஒன்றை, கடைசிச் சுற்றில் ஆள் இல்லாத இருக்கையிலிருந்து கழற்றிப் பதினோராம் இருக்கையில் மாட்டினேன். அங்கே இருந்ததை என் பையில் போட்டேன். எல்லாம் ஒரே மாதிரி மவுஸ். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மதியம் நடுவர் நூறு தடவை அமுக்கினார். கணினி நூறு என்று காட்டியது. ரோஸ்லின் அந்த மவுஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நாள் கை வைத்துப் பழகிய பொருள் மாறியது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? "இது இல்ல" என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அந்தோணி அவள் தோளைப் பிடித்துவிட்டார்.

"ஐயா படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். எந்திரி, போவோம்."

உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன போயிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அண்ணாச்சி நாலு வார்த்தை பேசியிருப்பார். போட்டி இன்னொரு நாள் நடந்திருக்கும். சங்கத்தில் ஒரு மாதம் கேலி செய்திருப்பீர்கள். இவ்வளவுதான். இந்த அற்பத்துக்காக ஒரு பிள்ளையைத் திருடி என்று சொல்லவைத்தேன். பயந்தேன் என்று சொன்னால்கூட அது எனக்கு மரியாதை. என் பெயருக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்று நினைத்தேன்.

போன மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் அந்த மவுஸை அலமாரியிலிருந்து எடுத்தேன். எறிந்திருக்கலாம், ஏன் எறியவில்லை என்று எனக்கே தெரியவில்லை. விடியற்காலை ஜன்னலைத் திறந்து வைத்து ஸ்கோப்பில் மாட்டி நூறு தடவை அமுக்கினேன். முப்பத்தேழு தடவை இரண்டாக விழுந்தது. கோடுகளை அச்செடுத்து, நடந்ததை முழுவதும் எழுதி, ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: முடிவு இறுதியானது, எங்களோடு விளையாடியதற்கு நன்றி. எந்த மனிதனும் அதை வாசிக்கவில்லை. ஒரு எந்திரம் ஒருத்தியைத் திருடி என்றது. இன்னொரு எந்திரம் அதைச் சரி என்கிறது. நடுவே உண்மை தெரிந்து நின்ற ஒரே மனிதன் நான். நானும் அந்த எந்திரங்களின் பக்கம் நின்றேன்.

பிறகு ரோஸ்லினைத் தேடிப் போனேன். ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். படிப்பை மூன்றாம் வருடத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த மரியாதை என்னைக் கொன்றது. தாளை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மவுஸை மாற்றியதையும் சொன்னேன். அவள் தாளை நிதானமாக வாசித்தாள்.

"நூத்துக்கு முப்பத்தேழா சார்?"

"ஆமாம்மா."

"அஞ்சு வருசம் கழிச்சு முப்பத்தேழு." தாளை மடித்தாள். "இத இப்ப நான் யார்ட்ட காட்ட?"

"அப்பாட்ட நானே வந்து சொல்லுதேன்."

"அப்பா போன வருசம் எறந்துட்டாங்க."

அவள்தான் பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நான் செய்யலன்னு எத்தனையோ தடவ அப்பாட்ட சொன்னேன் சார். 'செரி, விடு'ம்பாங்க. திட்டல, அடிக்கல. ஆனா நம்பல. கடேசி வரைக்கும் நீங்க சொன்னதத்தான் நம்புனாங்க."

அந்தோணியிடம் இனி யாரும் போய்ச் சொல்ல முடியாது. மற்றவர்களிடம் சொல்லலாம். அன்று அந்த மாடியில் ஊளையிட்டவர்களில் சிலர் நம் உறுப்பினர்கள். அவள் பெயரைக் கேலிச் சொல்லாக்கி இத்தனை வருடம் கடை கடையாகக் கொண்டுபோனவர்கள் நாம். இந்த மலர் வெளியாகும் கூட்டத்தில் அந்த மவுஸையும் ஸ்கோப்பையும் மேசையில் வைக்கப்போகிறேன். போன மாதம் சிரித்த ஒவ்வொருவரும் வந்து உங்கள் விரலால் அமுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு என்னைச் சங்கத்தில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.

ரோஸ்லினையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன்.

"எனக்குத்தான் தெரியுமே சார்" என்றாள். "நான் எதுக்கு வரணும்?"